நீ எழுதிய ‘கழிச்சாச்சு’

செங்கல்,
11-10-1981, ஞாயிறு.

அன்புள்ள மகன் விஜயதாஸுக்கு அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறையும் முதல் பாதி சரிதான், நானும் உன் அம்மாவும் விமலாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். இரண்டாம் பாதியை வழக்கத்துக்காக எழுதவில்லை. உன் கடைசிக் கடிதம் ஆகஸ்ட் முப்பதாம் தேதி போட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரமாக ஒன்றும் வரவில்லை. போன திங்கட்கிழமை நான் கொடுத்த தந்திக்கும் பதில் இல்லை. அது உன் கைக்கு வந்ததா, வந்தும் விளங்காமல் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு ஏறிவிட்டாயா என்று தெரியவில்லை. மேலே ஏறாதே, விவரம் கடிதத்தில் என்று மட்டும்தான் கொடுத்தேன். அதற்கு மேல் எழுதினால் கம்பெனி ஆபீசில் வாசித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தையும் இப்போது விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்பும் ஜெயதாஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஆம், உன் பெரியப்பா மகன் ஜெயதாஸ் கையில்தான். பதினோரு வருடத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறினேன் என்றால் காரியம் என்னவென்று நீயே ஊகித்துக்கொள். இதை அறையில் உட்கார்ந்து வாசி. வாசித்து முடிக்கும்வரை வேலைக்குப் போகாதே.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் என் முன்னால் விரித்தபடி இருக்கிறது. விமலாவின் டைப்ரைட்டிங் பரீட்சையை விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “மருந்தெல்லாம் கழிச்சாச்சு அப்பா, இனி அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.” அதை உன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவள், “எனக்க பிள்ள ஒருநாளும் முடங்காம மருந்து கழிக்கியான். உங்க விரட்டலுக்குப் பயந்து இல்ல, அவனுக்கே விவரம் உண்டு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஊரில் மருந்து கழிப்பது என்றால் மருந்து உட்கொள்வது. மலையாளத்தில் அப்படி, நம் அடுக்களையிலும் அப்படி. சோறு கழிச்சியா, மருந்து கழிச்சியா என்றுதான் உன் அம்மா நாள் தவறாமல் கேட்டிருக்கிறாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மருந்து விஷயம் வாசித்து மகிழ்ச்சி, நல்ல காரியம், ஒருநாளும் தவறாமல் இதையே தொடர்ந்து செய் என்று உனக்குப் பதில் எழுதினேன். ஏப்ரல் மாதக் கடிதத்தில் நீ, அப்பா சம்மதித்தது பெரிய நிம்மதி என்று எழுதியிருந்தாய். மருந்து உட்கொள்ள என் சம்மதம் எதற்கு என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இப்போது தினமும் அந்த ஒரு நிமிடத்துக்கே திரும்பிப் போகிறேன்.

ஜெயதாஸ் லீவில் வந்தது செப்டம்பர் பத்தாம் தேதி. சித்தப்பாவுக்கு விஜயன் ஒரு பொதி தந்து விட்டிருக்கான் என்று இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பினான். பொதி என்னுடையது என்றால் கொண்டுவந்து தரட்டும், அந்த முற்றத்தில் போய்க் கை நீட்டி நிற்க மாட்டேன் என்று நான் திருப்பிச் சொன்னேன். அவன் வர நினைத்திருப்பான், உன் பெரியப்பா தடுத்திருப்பார், அல்லது என் பேச்சு காதில் விழுந்து அவனுக்கே ரோஷம் வந்திருக்கும். எதுவானாலும் அந்தப் பொதி அரை பர்லாங்கு தூரத்தில் இருபத்து மூன்று நாள் கிடந்தது. மூன்றாம் தேதி சனிக்கிழமை உன் அம்மா என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள். அவளோடு ஜெயதாஸும் பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே அம்மாவுக்கு ஒரு சேலைத்துண்டு, விமலாவுக்குக் குடை, எனக்கு ஒரு டார்ச் லைட். அடியில், நான் இங்கிருந்து கட்டிக் கொடுத்துவிட்ட இரண்டு ஹார்லிக்ஸ் குப்பிகள். ஒன்றில் நான் உருக்கி ஒட்டிய மெழுகு உடையவே இல்லை. மற்றதில் முக்கால்வாசி மாத்திரை அப்படியே இருந்தது. ஜெயதாஸ் சிரித்துக்கொண்டு, “இந்த சக்தி மாத்திரை இனி வேண்டாமாம், இங்க ஆஸ்பத்திரியில பாவப்பட்டவங்களுக்குக் குடுக்கச் சொன்னான்” என்றான்.

அப்போதுதான் எனக்கு அந்த வரி விளங்கியது. உனக்கு எட்டு வயதில் நோட்டுப் புத்தகத்தில் காலையில் கஞ்சி கழித்தேன் என்று எழுதினாய். கழித்தல் என்றால் கணக்கில் குறைப்பது, வேண்டாததை விலக்குவது, தமிழ்ப் பையன் கஞ்சியைக் குடிக்க வேண்டும் என்று சொல்லி உள்ளங்கையில் மூன்று அடி அடித்தேன், நூறு தரம் எழுத வைத்தேன். ஐம்பத்தாறில் எல்லை கீறியவர்கள் விளவங்கோட்டைத் தமிழ்நாட்டுப் பக்கமும் நம்மைக் கேரளப் பக்கமும் தள்ளிவிட்ட கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தக் கோபத்தை உன் கையில் தீர்த்தேன். அதற்குப் பிறகு நீ அந்தச் சொல்லைத் தப்பாக எழுதியதே இல்லை. மார்ச் மாதத்திலும் தப்பாக எழுதவில்லை. நான் அடித்துச் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தில்தான் எழுதினாய். மலையாளமாக வாசித்தது நான்.

ஜெயதாஸ் சாயா குடித்துக்கொண்டு உன்னைப் பற்றிப் பேசினான். அவனுக்கு விஷயம் தெரியாது, வேடிக்கையாகச் சொன்னான். “எங்க அறையில அவனுக்குப் பேரே உடைப்பன் ஆக்கும் சித்தப்பா. காலம்பற எழும்பி சாயா எடுத்தாப் போதும், கிளாஸ் கையிலேருந்து தெறிச்சு சுவருல போய் அடிக்கும். கோட்டயத்துக்காரன் ஒருத்தன் அவனைக் கண்டா கிளாஸை ஒளிச்சு வைப்பான். இப்ப பிளாஸ்டிக் கப்பு வாங்கிக் குடுத்திருக்கு.” உன் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அவன், ஒருநாள் உன் தலையணையில் ரத்தம் இருந்தது, பல் கேடு என்று நீ சொன்னாய் என்றான். அம்மாவின் சிரிப்பு நின்றது. நான் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவன் யோசித்து, “ஆகஸ்டுல ஒருக்க ஒம்பதாம் நிலையில கட்டடச் சாரத்துக்க போல்ட்டு முறுக்கிட்டு நின்னான், ராத்திரி டூட்டி கழிஞ்சு நேரே பகல் டூட்டிக்கு ஏறின நாளு. ஸ்பானர் கைவிட்டுப் போச்சு. கீழ நின்ன பாகிஸ்தான் பட்டாணிக்காரனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துது. ஃபோர்மேன் சத்தம் போட்டான், அவ்வளவுதான்” என்றான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உண்ணியப்பம் கடித்தான். எனக்கு அந்த ஸ்பானர் இன்னும் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும், பதினைந்து வயதில் நீ பல் தேய்க்கும்போது பிரஷ் தெறிக்கும், சீப்பு தெறிக்கும். கவனக்குறைவு என்று நான் திட்டினேன். உன் அம்மா உனக்குக் கண்ணாடிக் கிளாஸில் கொடுப்பதை நிறுத்திவிட்டு எவர்சில்வர் தம்ளரில் கொடுக்கத் தொடங்கினாள். பெரிய வலிப்பு இரண்டு முறை வந்தபோது டாக்டரிடம் அந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் சொன்னோம், சீப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஜீவசாஸ்திரம் இருபத்தைந்து வருடம் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை. மாத்திரை தொடங்கியதும் பெரியது நின்றது, சீப்பும் நின்றது, வளர்ந்துவிட்டாய் என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை தந்தி கொடுத்துவிட்டு நேரே திருவனந்தபுரம் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரேமகுமாரி என்று ஒருவர், மூளை நரம்புக்கென்றே படித்தவர், வயது குறைவுதான். உன் பழைய மூளை மின்னோட்ட வரைபடச் சுருளை நான் எறியாமல் வைத்திருந்தேன், அதை நீட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குத்திக் குத்தி எழும்பும் கோடுகளைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். காலையில் எழுந்ததும் கையிலிருந்து சாமான் தெறிக்குமா என்று அவராகவே கேட்டார். நான் கிளாஸ் கதையைச் சொன்னேன். “மாஷே, கிளாஸ் கைதவறி விழுந்ததல்ல. அதும் வலிப்பு தன்னே ஆணு” என்றார், அதுவும் வலிப்புதானாம். சிறிய வலிப்பு, அரை நொடி, நினைவு போகாது, கை மட்டும் துள்ளும். வாலிப வயதில் தொடங்கும் ஒரு தனி வகை இது. தூக்கம் குறைந்தால், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அதிகம் வரும். இந்த வகைக்காரர்கள் மருந்து கொண்டால் சாதாரணமாக வாழலாம், நிறுத்தினால் பத்தில் ஒன்பது பேருக்குத் திரும்பி வரும், பல வருடம் வராமல் இருந்தாலும் வரும். சிறியது சில நாள் அடுத்தடுத்துத் துள்ளிவிட்டுப் பெரியதில் முடியும் என்றார். உன் தலையணை ரத்தம் பல் கேடு அல்ல, நாக்கைக் கடித்தது. உறக்கத்தில் ஏற்கெனவே ஒன்று வந்து போயிருக்கிறது, உனக்கே தெரியாது.

அவர் அனுமதி வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் அங்கே புத்தகசாலையில் உட்கார்ந்து மருத்துவச் சஞ்சிகைகள் வாசித்தேன். என்னை ஹெட்மாஸ்டர் ஆக்காமல் தங்கள் சம்பந்தக்காரனை உட்கார்த்திய ஸ்கூல் மானேஜ்மெண்டிடம் லீவு கேட்கக்கூட இல்லை, போய்விட்டேன். வாசித்ததை உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். மூளையின் அணுக்கள் ஐம்பது பையன்கள் இருக்கும் வகுப்பு மாதிரி. ஒவ்வொருவனும் ஒவ்வொன்று முணுமுணுப்பான், அதனால்தான் வகுப்பு நடக்கிறது. அவர்களை அடக்கிவைக்க ஒரு ரசாயனம் உண்டு, வகுப்பு லீடர் என்று வைத்துக்கொள். அது குறைந்தால் ஐம்பது பேரும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் கத்துவார்கள். அதுதான் வலிப்பு. பேயும் இல்லை, சாபமும் இல்லை, நம் சபையில் சிலர் சொல்வதுபோல் தகப்பன் பாவமும் இல்லை. எலிகளின் மூளையில் தினம் ஒருமுறை மிகச் சிறிய மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. சில நாளில் மீசை துடிக்கும், பிறகு கை துள்ளும். இரண்டு மூன்று வாரத்தில், மாற்றாத அதே சிறிய மின்சாரத்துக்கு எலி முழுவதுமாக விழுகிறது. பிறகு பல மாதம் சும்மா விட்டுவைத்துக் கொடுத்தாலும் விழுகிறது. மூளை பாதையைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. மனிதனுக்கும் அப்படியே என்று நிரூபணமாகவில்லை, எலியை வைத்து மகனை அளக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்தப் பக்கத்தை மூடிவைக்க முடியவில்லை. ஒவ்வொரு கிளாஸும் ஒரு நாள் மின்சாரம் என்றே மனம் கணக்குப் போடுகிறது.

நல்லதும் உண்டு. நீ முன்பு கொண்டது பழைய மருந்து, உறக்கம் வரவைப்பது. அதனால்தான் நிறுத்தினாய் என்று நினைக்கிறேன், சாரத்தின் மேல் கண் சொக்கினால் யார்தான் நிறுத்தமாட்டார்கள். இப்போது வால்ப்ரோயேட் என்று புதியது வந்திருக்கிறது. அந்த அடக்கும் ரசாயனத்துக்குத் துணை நிற்கிறது என்று கருதுகிறார்கள். முழு வழி இன்னும் அவர்களுக்கே தெரியாது, ஆனால் உன் வகைக்கு மிகப் பொருத்தமாக வேலை செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஜெயதாஸ் கொண்டுவருகிறான். எப்படித் தொடங்க வேண்டும், எப்போது ரத்தம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறார். அங்கே ஒரு டாக்டரிடம் அதைக் காட்டிவிட்டுத் தொடங்கு. உன்னிடம் பழைய மாத்திரை மீதி இருந்தால் நீயாக எடுத்து விழுங்காதே. ராத்திரி டூட்டி வேண்டாம். குடிக்கிறாயா என்று கேட்க மாட்டேன், குடித்தால் நிறுத்து. சாரத்தில் இனி ஒருநாளும் ஏறாதே. எடுத்துக்கொடுக்கும் வேலை, ஸ்டோர் வேலை, தரையில் என்ன இருந்தாலும் செய்.

அதற்குக் கம்பெனியிடம் உண்மை சொல்ல வேண்டும். பம்பாயில் மெடிக்கல் படிவத்தில், வலிப்பு வந்ததுண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதியது என் கை. நீ தயங்கினாய். எழுதாவிட்டால் விசா இல்லை என்று உன்னை விரட்டினேன். உனக்கு முன்னால் ஜெயதாஸ் போய், உன் பெரியப்பா காங்கிரீட் வீட்டுக்கு அஸ்திவாரம் வெட்டியிருந்தார். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நான் ஸ்கூலுக்குப் போனேன். காரணம் அதுதான், வேறு அலங்காரம் வேண்டாம். கம்பெனி டாக்டருக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அந்தப் படிவம் என் கையெழுத்து, பொய் என்னுடையது, பையனைத் தண்டிக்க வேண்டாம், தரையில் வேலை கொடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். அனுப்பினால் வா. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நேற்றுப் பகல் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நீ விழுந்தால் பக்கத்தில் இருக்கப்போகிறவன் ஜெயதாஸ்தான், அவனுக்குத் தெரியாமல் இருந்தால் எல்லாரும் செய்வதுபோல் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வாயில் கரண்டி வைத்துப் பல்லை உடைப்பான். அதனால் போனேன். அவர் முற்றத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, “யாரு இது, வழி தெரியாம வந்தியா அருமநாயகம்” என்றார். எழுபதில், நிலம் உழுதவனுக்கு என்று சட்டம் வந்தபோது எங்கள் அப்பா குத்தகைப் பாட்டத்துக்குப் பயிர் செய்த ஒரு ஏக்கர் முப்பது சென்டுக்கும் தன் பெயரில் மட்டும் நிலப் பட்டயம் வாங்கியவர். தம்பி வாத்தியாராக்கும், அவன் மண்வெட்டி பிடிச்சதில்ல என்று டிரிபியூனலில் என் முன்னால் சொன்னவர். அந்த மண்ணில் நின்றுகொண்டு, என் மகனுக்கு வலிப்பு உண்டு என்று அவரிடம் சொன்னேன். அவர் ஷீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்குத் தெரியாதா? அவனுக்குப் பதினஞ்சு வயசுல எனக்க ரப்பருக்கு இடையில வெட்டிக்கிட்டு கிடந்தான். நானாக்கும் தோளுல இட்டுக் கொண்டுவந்து உனக்க வாசல்ல கிடத்தினது. நீ பிள்ளைய வாங்கிட்டு எனக்க மூஞ்சியில கதவைச் சாத்தினே.” கதவைச் சாத்தியது எனக்கு நினைவிருக்கிறது. உன்னைக் கொண்டுவந்தவர் என்ன பார்த்தார் என்று நான் யோசித்ததே இல்லை, மயங்கி விழுந்ததாக நினைத்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன். இதுவரை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். “எதுக்குச் சொல்லணும்? பெயலுக்குப் பெண்ணு கெட்டண்டாமா” என்றார். உன் கல்யாணம் தடைப்படக்கூடாது என்று எட்டு வருடம் அவர் வாய் திறக்காமல் இருந்தது உண்மை. அதற்காகப் பட்டயத்தை நான் மறக்கப் போவதில்லை, அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்க என்னால் முடியாது. ஆனால் உன்னிடம் மறைக்கவும் மனமில்லை.

ஜெயதாஸை உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தேன். விழுந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, கையில் ஒன்றும் கொடுக்கக்கூடாது, அழுத்திப் பிடிக்கக்கூடாது, கடிகாரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். சொல்லிவிட்டு அவன் அழுதான். “நான் அவனை உடைப்பன்னு விளிச்சேனே சித்தப்பா” என்றான். அவனிடம் நீ கோபப்படாதே. ஊருக்கு வந்து ஒரு மாதமாக அவனுக்கும் உன்னைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவனுக்கு வந்த ஒரே கடிதம் கோட்டயத்துக்காரனுடையது, செப்டம்பர் கடைசியில் போட்டது, அதில் உன் பெயரே இல்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்தக் கடிதத்தை நானும் அவனும் உன் பெரியப்பாவும் மாற்றி மாற்றி வாசித்தோம்.

இங்கே ஐப்பசித் துலாமழை முன்னமே பிடித்துவிட்டது, பகல் இரண்டு மணிக்கே இருட்டி இடிக்கிறது. விமலா டைப்ரைட்டிங் லோயர் பாஸாகிவிட்டாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் உன் அம்மா எழுந்திருக்கிறாள், பிறகு நான் போகட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறாள். தந்திச் சேவகன் மணியும் தபால்காரன் மணியும் ஒன்றுதான். உன் பழைய எவர்சில்வர் தம்ளரைத் தேய்த்து மருந்துப் பொதிக்குள் வைத்திருக்கிறாள். என்ன சொல்லச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, அதைக் கண்டால் பிள்ளைக்கு விளங்கும் என்று சொல்லிவிட்டாள்.

ஆண்டவர் உன்மேல் கண் வைத்திருக்கட்டும். உன் இரண்டு காலும் தரையில் இருக்கட்டும். இது கிடைத்த அன்றே பதில் போடு, பெரிய கடிதம் வேண்டாம், ஒரு வரி போதும். அந்த வரியில் கழிச்சேன் என்று எழுதாதே. தமிழிலும் வேண்டாம், மலையாளத்திலும் வேண்டாம். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கினேன் என்று எழுது. உன் கையாலேயே எழுது.

இப்படிக்கு,
உன் கடிதத்தைத் தப்பாக வாசித்த அப்பா,
ம. அருமநாயகம்